கழனிக்கு ஒரு ஜாதகம்!

செல்போன் உரக்கணக்குச் சொல்லுகிறது. அது யாருடைய நிலத்துக்குச் சொன்ன கணக்கு?

வண்டலூர் என்றதும் நினைவுக்கு வருவது என்ன? புலியும் சிங்கமும் யானையும்தான்! 1985-ம் ஆண்டில் மிருகக்காட்சி சாலை அங்கே வந்தது. அன்று முதல் சின்னக் குழந்தைகளுக்குக் கூட வண்டலூர் தெரியும். 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பக்கத்தில் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். இப்போது இரவும் பகலும் அங்கே ஜனக் கூட்டம்.

அந்தப் பக்கத்தில் நெல்லும் விளைகிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் இரு புறமும் "மனைகள் விற்பனைக்கு" என்ற பலகைகள்தான் கண்ணில் படும். மாம்பாக்கத்தைத் தாண்டித் திருப்போரூர் பக்கம் போய், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும். அங்கே இன்னும் கழனிகள் இருக்கின்றன. செங்கற்பட்டுச் சீமைக்கு "ஏரிகள் மாவட்டம்" என்று பழைய பெயர் உண்டு. ஏரி நிரம்பினால் சம்பா. கிணற்றில் தண்ணீர் இருந்தால் நவரையும் சொர்ணவாரியும் உண்டு.

கழனிகள் பெரியவை அல்ல. 2015-16-ம் ஆண்டில் எடுத்த விவசாயக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரியாக உள்ள நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த இரண்டு ஏக்கர்க்காரருக்குத்தான் இப்போது செல்போனில் யோசனை சொல்லப் பலர் முன்வந்திருக்கிறார்கள். என்ன ரகம் விதைப்பது, எத்தனை கிலோ யூரியா போடுவது, எந்த வாரத்தில் போடுவது என்றெல்லாம் கையடக்கக் கருவி கணக்குச் சொல்லுகிறது.

நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? அதைக் கேட்டு நடந்தால் குடும்பத்துக்கு மிஞ்சுமா? இது தெரியாமல் நம்பவும் கூடாது. தெரியாமல் ஒதுக்கவும் கூடாது.

யூரியா மேல் ஏன் இத்தனை பிரியம்?

ஒரு குடும்பத்தை மனதில் எண்ணிக் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். ஊருக்கு நாலு குடும்பம் இப்படி இருக்கும். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கழனி. அம்மாவும் கூடவே நாற்றுப் பிடுங்குகிறாள், களை எடுக்கிறாள். மகள் கல்லூரிக்கு ரெயிலில் போய் வருகிறாள். வீட்டில் உள்ள நல்ல செல்போன் அவளுடையது.

நடவு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பயிர் கொஞ்சம் வெளுத்தாற்போல் இருக்கிறது. அப்பா உரக்கடைக்குப் புறப்படுகிறார். என்ன வாங்குவார்? யூரியாதான்!

காரணம் இல்லாமல் இல்லை. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. சர்க்கார் மானியம் கொடுத்து அந்த விலையில் நிறுத்தி வைத்திருக்கிறது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையோ 1,350 ரூபாய். பொட்டாஷ் அதற்கும் மேல். கையில் இருக்கிற பணத்துக்கு யூரியாதான் கட்டுப்படி ஆகும். அது மட்டுமா? யூரியா போட்ட நாலாம் நாள் பயிர் கரும்பச்சையாக மாறுகிறது. போட்டவர் மனம் குளிர்கிறது. பக்கத்துக் கழனிக்காரர் அதைப் பார்த்து இன்னும் ஒரு மூட்டை வாங்கி வருகிறார்.

ஆனால் நெல் அளக்கும்போது அந்தப் பச்சை நிறம் மரக்காலில் ஏறுவதில்லை. தழைச் சத்து மிஞ்சினால் பயிர் உயரமாக வளர்ந்து, ஒரு மழைக் காற்றில் படுத்து விடும். சதைப்பிடிப்பான இலையைத் தேடிப் புகையான் வரும். குலைநோய் வரும். அதற்கு மருந்து வாங்க மறுபடியும் கடைக்கு ஓட வேண்டும். நெல் வயலில் போடுகிற யூரியாவில் பாதி கூடப் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மீதி காற்றிலும் தண்ணீரிலும் போகிறது. கொடுத்த காசும் அதோடு போகிறது.

இன்னொரு விஷயம். பயிர் வெளுப்பதெல்லாம் யூரியாப் பசியால்தான் என்று சொல்ல முடியாது. துத்தநாகச் சத்து இல்லாவிட்டாலும் நட்ட சில வாரத்தில் பயிர் வெளுத்துக் குன்றி நிற்கும். இலையில் துரு நிறத்தில் புள்ளி விழும். அதற்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவினால் போதும். இது தெரியாமல் யூரியாவைக் கொட்டுகிறவர்கள் உண்டு. குழம்பில் உப்பு இல்லை என்றால் பருப்பை அள்ளிப் போட்டுக் கொண்டிருக்கலாமா?

இலக்கு வைத்துச் சமைப்பது

எந்தச் சத்து எவ்வளவு குறைகிறது என்று அளந்து போடுவது புதிய யோசனை அல்ல. மண்ணைச் சோதிக்கும் நிலையங்கள் நம் நாட்டில் 1955-56-ம் ஆண்டு முதல் இருக்கின்றன. 1967-ம் ஆண்டில் ராமமூர்த்தி என்ற மண்ணியல் விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் ஒரு புதிய முறையைச் சொன்னார்கள்.

அது சுலபமான முறை. "ஏக்கருக்கு எத்தனை மூட்டை வேண்டும்?" என்று முதலில் இலக்கு வைத்துக் கொள்ள வேண்டும். அத்தனை மூட்டை நெல் விளைய எவ்வளவு சத்து வேண்டும் என்பது தெரியும். அதில் மண் எவ்வளவு கொடுக்கும் என்பதைச் சோதனை சொல்லும். மிச்சம் எவ்வளவோ அதை மட்டும் கடையில் வாங்கினால் போதும். தொழு உரம் போட்டிருந்தால் அந்தச் சத்தையும் கழித்துக் கொள்ளலாம். வீட்டில் பத்துப் பேருக்குச் சமைக்கிற அம்மா, பானையில் இருக்கிற பழைய சோற்றைப் பார்த்து விட்டுத்தானே அரிசி அளக்கிறாள்?

கோயமுத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் இந்தக் கணக்கைப் பல பயிர்களுக்கும் பல மண் வகைகளுக்கும் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மண் பரிசோதனை எண்களைத் தட்டினால் உரக் கணக்கு வெளியே வரும்.

வயலுக்கு வயல் கணக்குப் போட்டால் உண்மையிலேயே லாபம் உண்டா? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1997-ம் ஆண்டு முதல் 1999 வரை, சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, இந்தோனேஷியா, இந்தியா ஆகிய ஆறு நாடுகளில் 179 விவசாயிகளின் வயல்களில் இந்தச் சோதனை நடந்தது. இந்தியாவில் தேர்ந்தெடுத்த இடங்கள் எவை தெரியுமா? நம் தஞ்சாவூரும் ஆடுதுறையும்தான்!

விவசாயிகள் வழக்கம் போல் போடுகிற உரத்தோடு ஒப்பிட்டால், வயலைப் பார்த்துப் போட்டதில் மகசூல் சராசரியாக 7 சதவிகிதம் கூடியது. ஹெக்டேருக்கு 360 கிலோ. ஏக்கர்க் கணக்கில் சொன்னால் சுமார் 145 கிலோ. 75 கிலோ மூட்டையில் ஏறக்குறைய இரண்டு மூட்டை! லாபம் 12 சதவிகிதம் கூடியது. அதிசயம் ஒன்றும் இல்லை. மகசூல் இரட்டிப்பாகும் என்று விளம்பரம் செய்கிறவர்களோடு ஒப்பிட்டால் இது சின்ன எண்தான். ஆனால் ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு ஒரு போகத்தில் மூன்று மூட்டை நெல் என்பது, பெண்ணின் ரெயில் பாஸுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் ஆகும்.

பச்சை அட்டை

செல்போனுக்கு ஓர் அண்ணன் உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம். இலை வண்ண அட்டை என்று பெயர்.

அது ஒரு பிளாஸ்டிக் பட்டை. இளம் பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை கட்டம் கட்டமாக நிறங்கள் இருக்கும். கட்டத்துக்கு ஓர் எண். ஜப்பானில் பிறந்த யோசனை இது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆசியா முழுவதும் பரப்பியது.

நட்ட 14-ம் நாளிலிருந்து பூக்கும் வரை, 7 நாள் அல்லது 10 நாளைக்கு ஒரு முறை காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவே கழனியில் இறங்க வேண்டும். பத்து இடத்தில் பத்துச் செடி. மேலே இருந்து பார்த்து, முழுதாக விரிந்த முதல் இலையை அட்டை மேல் வைக்க வேண்டும். வெயில் நேராகப் படாமல் உடம்பால் நிழல் காட்ட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3-ம் எண். மற்ற ரகங்களுக்கு 4-ம் எண். பத்து இலையில் ஆறு இலையாவது அந்த எண்ணுக்கு மேல் போகாமல் இருந்தால் யூரியா போடலாம். கரும்பச்சையாக இருந்தால் மூட்டையை அவிழ்க்கவே வேண்டாம்! மழைக் காலத்துப் பயிருக்கு ஒரு தடவைக்கு ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா. கோடைப் பயிருக்குச் சுமார் 31 கிலோ. ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. ஒருவர் கண்ணுக்குப் பச்சை என்பது இன்னொருவர் கண்ணுக்கு வேறாகத் தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைப் பார்க்கலாம். புடவைக் கடையில் பச்சைக்கும் பச்சைக்கும் பேதம் சொல்லுகிற பெண்களுக்கு இது ஒரு வேலையா?

பேசும் டெலிபோன்

பிலிப்பைன்ஸ்காரர்கள் 2010-ம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். விவசாயி ஓர் எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டியது. ஒரு குரல் அவர் மொழியிலேயே கேள்வி கேட்கும். பதிலுக்கு ஒன்று, இரண்டு என்று பொத்தானை அழுத்த வேண்டும். கேள்விகள் முடிந்ததும் எந்த உரம், எத்தனை கிலோ, எந்த நாளில் என்று செய்தி வந்து விடும். சாதாரண டெலிபோன் போதும். பின்னர் அது நெற்பயிர் முழுவதற்கும் யோசனை சொல்லும் கருவியாக வளர்ந்தது. நம் நாட்டில் ஒடிசாவிலும் அதைப் பரப்பினார்கள்.

அந்தக் குரல் கேட்கிற கேள்விகளைக் கவனிக்க வேண்டும். என்ன ரகம்? நாற்று நடவா, நேரடி விதைப்பா? போன தடவை எத்தனை மூட்டை கண்டது? தொழு உரம் போட்டீர்களா? அறுத்த பிறகு வைக்கோலை என்ன செய்தீர்கள்?

வைக்கோலைப் பற்றி ஏன் கேட்கிறது? நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்துக் கொள்கிற சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்லில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் வைக்கோல் வீட்டுக் கொட்டிலுக்கு வந்தது. மாடு தின்றது. சாணியாகி, குப்பையாகி, மறுபடியும் கழனிக்கே போயிற்று. இப்போது யந்திரம் அறுக்கிறது. இன்னொரு யந்திரம் வைக்கோலை உருட்டிக் கட்டுகிறது. வியாபாரி லாரியில் ஏற்றிக் கொண்டு போகிறார். கைக்குப் பணம் வருகிறது. கழனியின் சாம்பல் சத்து லாரி ஏறிப் போகிறது! அப்படிப் போன நிலத்துக்கும் வைக்கோலை மடக்கி உழுத நிலத்துக்கும் ஒரே பொட்டாஷ் கணக்கு எப்படிச் சரியாகும்?

மண்ணைச் சோதித்துக் கணக்குப் போடுவது ஒரு வழி. விவசாயியைக் கேட்டுக் கணக்குப் போடுவது இன்னொரு வழி. எந்த வழியானாலும் அந்தக் கழனியின் சமாசாரம் கருவிக்குள் போக வேண்டும்.

பக்கத்து வீட்டு நட்சத்திரம்

தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அப்போது முதல்-அமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி "உழவன்" என்ற செயலியைத் தொடங்கி வைத்தார். உரம் எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது, விதை எங்கே கிடைக்கும், சந்தையில் என்ன விலை, மழை வருமா, யந்திரம் வாடகைக்குக் கிடைக்குமா, உதவி வேளாண்மை அலுவலர் எந்த நாளில் ஊருக்கு வருவார் என்றெல்லாம் அதில் பார்க்கலாம். "தமிழ் மண்வளம்" என்று ஓர் இணையதளமும் இருக்கிறது. ஊர்ப் பெயரையும் சர்வே எண்ணையும் தட்டினால் நிலத்தின் மண் விவரம் வருகிற ஏற்பாடு அது.

இதற்கெல்லாம் அடிப்படையாக இருப்பது மண் வள அட்டை. 2015-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி ராஜஸ்தானில் சூரத்கட் என்ற ஊரில் பிரதமர் நரேந்திர மோடி இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். தழை, மணி, சாம்பல் சத்துக்கள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீஸ், போரான், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து என்று 12 விவரங்கள் அட்டையில் இருக்கும். ஒரு மனிதனுக்கு ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம் இருப்பது போல நிலத்துக்கு இந்தப் பன்னிரண்டு!

ஜாதகம் சரியாக இருக்க வேண்டுமானால் பிறந்த நேரம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? பக்கத்து வீட்டுப் பையனின் நட்சத்திரத்தைச் சொல்லி, நம் பெண்ணுக்கு நாள் பார்ப்பார்களா?

இங்கேதான் சிக்கல். திட்டம் தொடங்கியபோது வகுத்த விதிப்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு கட்டம். அதாவது ஆறு ஏக்கருக்கு மேல். அந்தக் கட்டத்துக்கு ஒரே மண் மாதிரி. மானாவாரி நிலம் என்றால் 10 ஹெக்டேருக்கு ஒன்று. பெரிய பண்ணைகள் உள்ள ராஜ்யங்களில் இது தகுமோ என்னவோ! சராசரி இரண்டு ஏக்கர் கூட இல்லாத நம் ஊரில், மூன்று நான்கு குடும்பங்களின் கழனிக்கு ஒரே அட்டை என்று ஆகிறது. தலைமடையில் ஏரி வண்டல் படிந்த கழனியும் அதில் இருக்கும். கடைமடையில் மணல் சாரியாக உள்ள கழனியும் இருக்கும். ஒருவர் பட்டி போட்டு ஆட்டுப் புழுக்கை சேர்த்திருப்பார். ஒருவர் மூன்று வருஷமாகக் குப்பை ஒரு வண்டி கூட அடித்திருக்க மாட்டார். நாலு பேருக்கும் ஒரே எண்!

மகள் தன் செல்போனில் கணக்கைப் பார்த்து, "இவ்வளவு யூரியா போதும் அப்பா" என்று சொல்லுவாள். "அது தலைமடைக்காரனுக்குச் சரி. நம் கழனி எனக்குத் தெரியாதா?" என்று அப்பா மறுப்பார். படித்த பெண் சொன்னதைக் கேட்காத பழைய மனிதர் என்று அவரைக் கேலி செய்ய வேண்டாம். அவர் சொல்லுவதில் நியாயம் இருக்கிறது.

2019-20-ம் ஆண்டில் சில மாதிரிக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒவ்வொருவர் நிலத்திலும் தனித் தனியாக மண் எடுத்தார்கள். அதுதான் சரியான வழி. மாதிரிக் கிராமத்துக்குச் செய்ததை மற்றக் கிராமங்களுக்கும் செய்ய வேண்டும். செலவு ஆகும் என்று சொல்லுவார்கள். ஆகட்டுமே! யூரியா மானியத்துக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு சிறு பங்கு, மண்ணைச் சோதிக்கவும் சோதிக்கிற ஆட்களை நியமிக்கவும் வந்தால் போதும். செயலிகளைப் பெருக்குவதை விட இது அவசரம். கழனி மண் உள்ளே போகாத செயலி, எத்தனை அழகாக இருந்தாலும் ஊகம் சொல்லுகிற கருவிதான்.

செல்போன் யார் கையில்?

கழனியில் குனிந்து நிற்பவள் அம்மா. செல்போன் இருப்பது ரெயிலில் போகிற மகளிடம். குத்தகைக்கு உழுபவர் பெயரில் பட்டா இல்லை. சர்வே எண்ணைக் கேட்டால் அவர் நிலச் சொந்தக்காரரைத் தேடிப் போக வேண்டும். வண்டலூர்ப் பக்கத்தில் இது அதிகம். மனை விலை ஏறட்டும் என்று நிலத்தை வாங்கிப் போட்டவர் நகரத்தில் இருப்பார். அது வரையில் சும்மா கிடப்பானேன் என்று ஊர்க்காரர் ஒருவர் உழுது கொண்டிருப்பார். அடுத்த வருஷம் கழனி இருக்குமா என்று தெரியாதவர், இந்த வருஷம் குப்பை அடிப்பாரா? அவருக்கு யோசனை சொல்லும் கருவி, பட்டாதாரரை மட்டும் தேடக் கூடாது.

இதற்கு வழி கண்டவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சென்னைத் தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அவர்கள் 1998-ம் ஆண்டில், வில்லியனூரை நடுவாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்கள் திறந்தார்கள். அப்போது கிராமத்தில் செல்போன் ஏது? கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களே குறைவு. நிலையங்களை நடத்தியவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். வந்த செய்தியைத் தமிழில் பலகையில் எழுதிப் போட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கடல் அலை எவ்வளவு உயரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே நேரத்தில் செய்தி போயிற்று.

அந்தப் பெண்களைப் போல ஊருக்கு ஒருத்தி இன்றும் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துத் திண்ணையிலோ ரேஷன் கடைப் பக்கத்திலோ அவள் உட்காரலாம். அட்டையில் உள்ள எண்களைப் படித்து, "உன் கழனியில் மணிச் சத்து போதும், இந்தப் போகத்துக்கு டி.ஏ.பி. மூட்டையைக் குறைத்துக் கொள்" என்று வாயால் சொல்ல வேண்டும். விவசாயி எதிர்க் கேள்வி கேட்பார். கேட்கட்டும். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச் சத்து என்று அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தால், அதை ஏக்கருக்கு மாற்றி, அப்புறம் மூட்டைக்கு மாற்றி, எத்தனை பேர் கணக்குப் போடுவார்கள்? படித்தவர்களுக்கே தலை சுற்றும்.

செல்போனில் செயலி இல்லாதவர்கள் கூப்பிட்டுக் கேட்கவும் ஓர் எண் உண்டு. 2004-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி தொடங்கிய கிசான் கால் சென்டர் அது. 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பதில் வரும். பொத்தேரி ரெயில் நிலையத்தின் பக்கம் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வண்டலூரிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளித்தான். நேரில் போய்க் கேட்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம்.

கணக்குச் சரியாக வந்து, அதை விவசாயி நம்பியும் விட்டார் என்றே வைத்துக் கொள்ளுங்கள். பொட்டாஷ் வேண்டும் என்று கணக்குச் சொல்லுகிறது. கடையில் பொட்டாஷ் இல்லை. அப்புறம் என்ன செய்வார்? இருக்கிற யூரியாவைத்தான் வாங்கி வருவார். 2018-ம் ஆண்டு முதல் உரக்கடையில் கைரேகை வைத்துத்தான் மானிய உரம் வாங்க வேண்டும். யார் எத்தனை மூட்டை வாங்கினார் என்பது யந்திரத்தில் பதிவாகிறது. வாங்குகிறவரின் மண் விவரமும் அதே யந்திரத்தில் தெரிந்தால், எந்த ஊருக்கு எந்த உரம் முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பதைச் சர்க்காரே கணித்து விடலாம். கைரேகை யந்திரம் ஆளைத் தெரிந்து கொள்கிறது. அவர் மண்ணையும் தெரிந்து கொள்ளட்டும்.

மண் எடுப்பது எப்படி?

சர்க்கார் செய்வதைச் செய்யட்டும். அது வரையில் வீட்டார் சும்மா இருக்க வேண்டியதில்லை. தங்கள் கழனி மண்ணைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் வரப்போரம் ஒரு பிடி அள்ளிக் கொண்டு போனால், கிடைக்கிற சோதனை வரப்புக்கு உரியதாகத்தான் இருக்கும்!

கழனிக்குள் கோணல் மாணலாக நடந்து பத்துப் பதினைந்து இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். வரப்பு, வாய்க்கால், மர நிழல், எருக்குப்பை கொட்டிய இடம் ஆகியவை கூடாது. உரம் போட்ட கையோடும் எடுக்கக் கூடாது. மேலே கிடக்கும் சருகையும் வைக்கோலையும் ஒதுக்கி விட்டு, "வி" என்ற இங்கிலீஷ் எழுத்தைப் போல அரை அடி ஆழத்துக்கு வெட்ட வேண்டும். பள்ளத்தின் இரு பக்கமும் மேலிருந்து கீழ் வரை ஒரே கனமாக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். துத்தநாகம், இரும்பு போன்ற நுண் சத்துக்களைச் சோதிக்க வேண்டுமானால் மரக் குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ சுரண்டுவது நல்லது. துருப் பிடித்த மண்வெட்டி கணக்கைக் கெடுத்து விடும்.

எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து, சுத்தமான துணியில் பரப்பி, நாலு பாகமாகப் பிரிக்க வேண்டும். எதிர் எதிர்ப் பாகம் இரண்டைத் தள்ளி விட்டு, மிச்சத்தை மறுபடியும் கலந்து பிரிக்க வேண்டும். கடைசியில் அரை கிலோ நிற்கும். நிழலில் உலர்த்தித் துணிப் பையில் போட்டுப் பெயர், ஊர், சர்வே எண், போன பயிர், அடுத்த பயிர் எல்லாம் எழுதி வைக்க வேண்டும். எழுதுகிற வேலையை மகள் செய்யட்டும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மூலை மேடு என்று சொல்லுகிற வேலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும். மேடும் பள்ளமும் மண் நிறமும் வேறு வேறாக இருந்தால் ஒரே பையில் கலக்க வேண்டாம். இரண்டு பையாகக் கொடுக்கலாம்.

நவரை அறுவடை முடிந்து, வைக்கோலும் ஏறிப் போன பிறகு, சொர்ணவாரிக்கு ஏர் கட்டுவதற்கு முன்னால் கழனி சில நாள் காய்ந்து கிடக்கும். மண் எடுக்க அதுதான் சமயம்.